ஒமாஹெக்கே என்ற வெண்கலப் பட்டை: ஜெர்மன் காலனியப் பதக்கங்களும் மறைக்கப்படும் வரலாறும்

பழைய போர்ப் பதக்கங்களைச் சேகரிப்பது உலகெங்கும் பலருக்கு இருக்கும் ஒரு பொழுதுபோக்கு. தபால்தலை, பழைய நாணயம், காசோலை, கடிகாரம் எனச் சேகரிப்பவர்களைப் போலத்தான் இவர்களும். இதில் ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. 1884 முதல் முதலாம் உலகப் போர் வரை ஜெர்மனியின் கைவசம் இருந்த காலனிகளில் பணியாற்றிய படைவீரர்கள் அணிந்த பதக்கங்களையும் பேட்ஜ்களையும் தேடி வாங்குகிற பிரிவு அது.

ஏல அறிவிப்புகளில் இப்படி ஒரு பதக்கம் வரும்போது அதன் விவரம் ஏறக்குறைய ஒரே பாணியில்தான் இருக்கும். உலோகம் வெண்கலமா எஃகா, நாடா அசலா மாற்றப்பட்டதா, நாடாவின் மீது எத்தனை பட்டைகள் செருகப்பட்டுள்ளன, அவை அந்தக் காலத்திலேயே செய்யப்பட்டவையா பின்னால் சேர்க்கப்பட்டவையா என்றெல்லாம் நுணுக்கமாக எழுதியிருப்பார்கள். "ஹெரேரோலாண்ட்", "வாட்டர்பெர்க்", "ஒமாஹெக்கே" என்று பட்டைகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பட்டைகள் கூடக் கூட விலையும் கூடும்.

அந்தப் பெயர்கள் எந்த ஊர்களின் பெயர்கள், அங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் பெரும்பாலான அறிவிப்புகள் சொல்வதில்லை. "கிளர்ச்சி அடக்கப்பட்டது" என்ற ஒரே வரியோடு முடித்துக் கொள்கின்றன. பதக்கத்தைச் சேகரிப்பது தவறா சரியா என்ற கேள்வியை விட இந்த மௌனம்தான் நாம் முதலில் கவனிக்க வேண்டியது.

பதக்கங்கள் எவை?

ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் காலத்தில் வெளிநாட்டுப் படையெடுப்புகளுக்காக மூன்று முக்கியமான நினைவுப் பதக்கங்கள் உருவாக்கப்பட்டன.

முதலாவது, 1901-இல் உருவாக்கப்பட்ட சீனப் பதக்கம். 1900-இல் சீனாவில் எழுந்த பாக்ஸர் எழுச்சியை அடக்க எட்டு நாடுகளின் படைகள் சென்றபோது அதில் ஜெர்மனியும் இருந்தது. ஒரு கழுகு டிராகனைக் காலடியில் போட்டு மிதிப்பது போன்ற உருவம் அந்தப் பதக்கத்தில் பொறிக்கப்பட்டது. கழுகு ஜெர்மனி, டிராகன் சீனா. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, 1907-இல் வந்த தென்மேற்கு ஆப்பிரிக்கப் பதக்கம். இன்றைய நமீபியாவில் ஹெரேரோ, நாமா மக்களுக்கு எதிராக நடந்த போருக்காகக் கொடுக்கப்பட்டது. களத்தில் நின்று சண்டையிட்டவர்களுக்கு வெண்கலம், சண்டையில் நேரடியாக ஈடுபடாமல் பணியாற்றியவர்களுக்கு எஃகு. "வெற்றி பெற்ற போர்வீரர்களுக்கு" என்ற பொருள்பட அதில் எழுதப்பட்டிருக்கும். எந்தெந்த இடத்துச் சண்டையில் பங்கெடுத்தார் என்பதைக் காட்ட, நாடாவில் செருகும் சிறு உலோகப் பட்டைகள் வழங்கப்பட்டன.

மூன்றாவது, 1912-இல் வந்த காலனியப் பதக்கம். மேற்சொன்ன இரண்டிலும் அடங்காத மற்ற எல்லாக் காலனியப் படையெடுப்புகளுக்கும் சேர்த்து, பின்னோக்கிக் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. காமரூன், கிழக்கு ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் என ஒவ்வொரு படையெடுப்புக்கும் ஆண்டுக் குறிப்போடு தனிப் பட்டை. இந்தப் பட்டைகளின் வகைகள் ஏராளம். சேகரிப்பாளர்களின் ஆர்வத்தைத் தூண்டுவதும் அதுவே.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு உண்மை தெரிகிறது. "நாங்கள் நாகரிகத்தைக் கொண்டு சென்றோம், பள்ளிக்கூடமும் இரயில் பாதையும் அமைத்தோம்" என்று காலனிய ஆட்சியாளர்கள் சொல்லி வந்தார்கள். ஆனால் அவர்களே அச்சடித்த பட்டைகளின் பட்டியல், முப்பது ஆண்டுகளுக்குள் எத்தனை இடங்களில், எத்தனை முறை மக்கள் எதிர்த்து நின்றார்கள் என்பதற்கான கணக்கேடாக இருக்கிறது. விரும்பி ஏற்றுக்கொண்ட மக்களை அடக்க இத்தனை பட்டைகள் தேவைப்பட்டிருக்காது.

ஒமாஹெக்கேயில் நடந்தது

1904 ஜனவரியில், தங்கள் நிலத்தையும் கால்நடைகளையும் குடியேறிகளிடம் இழந்து கொண்டிருந்த ஹெரேரோ மக்கள் ஆயுதம் ஏந்தினார்கள். ஜெர்மனி, ஜெனரல் லோதர் ஃபான் டிரோத்தாவின் தலைமையில் கூடுதல் படையை அனுப்பியது. 1904 ஆகஸ்ட் 11 அன்று வாட்டர்பெர்க் என்ற இடத்தில் பெரும் சண்டை நடந்தது. தோற்ற ஹெரேரோக்கள், பெண்கள், குழந்தைகள், கால்நடைகளோடு கிழக்கே இருந்த ஒமாஹெக்கே பாலைவனத்துக்குள் தப்பி ஓடினார்கள்.

அவர்கள் திரும்பி வர முடியாதபடி பாலைவனத்தின் விளிம்பு அடைக்கப்பட்டது. நீர்நிலைகளில் காவல் போடப்பட்டது. 1904 அக்டோபர் 2 அன்று டிரோத்தா வெளியிட்ட உத்தரவு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஜெர்மன் எல்லைக்குள் இருக்கும் எந்த ஹெரேரோவும், கையில் துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுடப்படுவார் என்பதும், பெண்களும் குழந்தைகளும் இனி ஏற்றுக்கொள்ளப்பட மாட்டார்கள் என்பதும் அதன் சாரம். பெரும்பாலானோர் துப்பாக்கிக் குண்டால் சாகவில்லை, தாகத்தால் செத்தார்கள்.

அந்த ஆண்டின் இறுதியில் பெர்லின் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஆனால் உயிர் தப்பியவர்கள் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டனர். லூடெரிட்ஸ் துறைமுகத்தை ஒட்டிய சுறாத் தீவு முகாம் அவற்றில் மிகக் கொடியது. நாமா மக்களின் தலைவர்களில் ஒருவரான கொர்னேலியஸ் ஃபிரெடெரிக்ஸ் 1907-இல் அங்கேதான் இறந்தார். சுமார் 80,000 ஹெரேரோக்களில் 65,000 பேர் வரையிலும், சுமார் 20,000 நாமாக்களில் 10,000 பேர் வரையிலும் மாண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இருபதாம் நூற்றாண்டின் முதல் இனப்படுகொலை என்று வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். டிரோத்தாவுக்கோ 1905-இல் பிரஷ்யாவின் மிக உயர்ந்த இராணுவ விருதான 'பூர் லெ மெரித்' வழங்கப்பட்டது.

இப்போது அந்த ஏல அறிவிப்பைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "ஒமாஹெக்கே பட்டையுடன்" என்றால், மக்களைத் தாகத்தால் சாகவிட்ட அந்த நடவடிக்கையில் பங்கெடுத்தவருக்குக் கொடுக்கப்பட்டது என்று பொருள். அந்தப் பட்டை ஒரு குற்றத்தின் சாட்சியம். அதற்கு இன்று கூடுதல் விலை கிடைக்கிறது.

தண்ணீரும் பஞ்சமும்

1912-ஆம் ஆண்டுப் பதக்கத்தில் "ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா 1905/07" என்று ஒரு பட்டை உண்டு. இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் நடந்த மாஜி மாஜி போருக்கானது அது. கட்டாயப் பருத்தி சாகுபடியும் வரியும் கட்டாய உழைப்பும் தாங்காமல் பல இன மக்கள் ஒன்றுசேர்ந்து எழுந்த போர் அது. "மாஜி" என்றால் சுவாஹிலி மொழியில் தண்ணீர். மந்திரித்த தண்ணீர் ஜெர்மானியரின் தோட்டாக்களைச் செயலிழக்கச் செய்யும் என்ற நம்பிக்கையில் மக்கள் திரண்டார்கள். இயந்திரத் துப்பாக்கிகளுக்கு முன் அந்த நம்பிக்கை நிற்கவில்லை.

ஆனால் அங்கேயும் அதிகம் கொன்றது துப்பாக்கி அல்ல. ஜெர்மன் படை வயல்களையும் தானியக் குதிர்களையும் கிராமங்களையும் எரித்தது. பஞ்சம் பரவியது. மாண்டவர்களின் எண்ணிக்கை 75,000 முதல் 3,00,000 வரை இருக்கலாம் என வெவ்வேறு மதிப்பீடுகள் உள்ளன. ங்கோனி மக்களின் தலைவர் சோங்கேயா ம்பானோ 1906-இல் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தலை ஜெர்மனிக்குக் கொண்டு செல்லப்பட்டதாக நம்பும் அவரது வழித்தோன்றல்கள் இன்றும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 2023 நவம்பரில் ஜெர்மனியின் ஜனாதிபதி ஃபிராங்க்-வால்டர் ஷ்டைன்மையர், சோங்கேயா நகருக்கே சென்று அந்தக் குடும்பத்தாரைச் சந்தித்து, ஜெர்மானியர் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டார்.

இன்னொரு பட்டை "போனாபே 1910/11". பசிபிக் பெருங்கடலில் உள்ள போன்பெய் தீவில், கட்டாயச் சாலைப் பணியை எதிர்த்து சொகேஸ் மக்கள் எழுந்தார்கள். அதிகாரிகள் கொல்லப்பட்டனர். பதிலுக்குப் போர்க்கப்பல்கள் வந்தன. 15 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வேறு தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அந்தப் போர்க்கப்பல்களில் ஒன்றின் பெயர் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். அது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசிய அதே கப்பல். "அவன் சரியான எம்டன்" என்று ஊரில் கெட்டிக்காரனைச் சொல்கிறோம். சென்னைக்கு வருவதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன், அந்தக் கப்பல் ஒரு சிறு தீவு மக்களை அடக்கப் போயிருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இரு பக்கமும் நின்ற முஸ்லிம்கள்

இந்த வரலாற்றில் முஸ்லிம்களுக்கு நேரடியான பங்கு உண்டு. அது ஒரு பக்கத்துப் பங்கு மட்டும் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

1888-இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நகரங்களை ஜெர்மன் கம்பெனி கைப்பற்றத் தொடங்கியபோது, பங்கானி நகரை மையமாகக் கொண்டு அபூஷிரி இப்னு சாலிம் அல்ஹார்தி என்பவரின் தலைமையில் எதிர்ப்பு எழுந்தது. ஜெர்மானியர் இதற்கு "அரபுக் கிளர்ச்சி" என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் அரபு வணிகர்கள் மட்டுமின்றி சுவாஹிலி மக்களும் உள்நாட்டு ஆப்பிரிக்கரும் அதில் இருந்தார்கள். அடிமை வணிகத்தை ஒழிக்கும் போர் என்று ஐரோப்பாவில் பிரச்சாரம் செய்யப்பட்டது. கடற்கரை வணிகர்களில் அடிமை வணிகத்தில் ஈடுபட்டோர் இருந்தனர் என்பதும் மறுக்க முடியாத உண்மைதான். ஆனால் ஜெர்மனி அங்கே போனது அடிமைகளை விடுவிக்க அல்ல. சுங்க வருமானத்தையும் துறைமுகங்களையும் கைப்பற்றத்தான். 1889 டிசம்பரில் அபூஷிரி பங்கானியில் தூக்கிலிடப்பட்டார்.

அவரைத் தோற்கடித்த படையில் யார் இருந்தார்கள்? தளபதி ஹெர்மன் விஸ்மன், கெய்ரோவுக்குச் சென்று அங்கே வேலையின்றி இருந்த சுமார் 600 சூடான் வீரர்களைப் பணம் கொடுத்துத் திரட்டி வந்தார். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். "அஸ்கரி" என்று அழைக்கப்பட்ட இந்தச் சிப்பாய்களும், பின்னர் அவர்களோடு சேர்க்கப்பட்ட உள்ளூர் வீரர்களும்தான் மாஜி மாஜி கிராமங்களை எரித்த படையின் பெரும்பகுதி. ஆதிக்கம் செலுத்தியவர்கள் எப்போதுமே இப்படித்தான். அடக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியைக் கூலிக்கு எடுத்து இன்னொரு பகுதியை அடிக்கச் சொல்வார்கள். நம் நாட்டிலும் ஆங்கிலேயர் செய்தது இதையே.

அதேவேளையில் காலனி நிர்வாகம் இஸ்லாத்தை அச்சத்தோடுதான் பார்த்தது. 1908-இல் மக்காவிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கடிதம் கடற்கரைப் பள்ளிவாசல்களில் பரவியபோது அதிகாரிகள் பதறிப் போனார்கள். 1913-இல் ஆளுநர் ஹைன்ரிஷ் ஷ்னே, இஸ்லாம் பரவுவதைப் பற்றியும் அதை எப்படித் தடுக்கலாம் என்பது பற்றியும் மாவட்ட அதிகாரிகளிடம் கேள்விப் பட்டியல் அனுப்பி அறிக்கை கேட்டார்.

அடுத்த ஆண்டே போர் வந்தது. 1914 நவம்பரில் உஸ்மானியப் பேரரசு ஜிஹாத் அறிவித்தபோது அதற்குப் பின்னால் ஜெர்மனியின் ஊக்கம் இருந்தது. பெர்லினுக்கு அருகே வூன்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் இந்திய, வட ஆப்பிரிக்க முஸ்லிம் போர்க்கைதிகளுக்காக "பிறைமுகாம்" அமைத்து, 1915-இல் அங்கே மரத்தால் ஒரு பள்ளிவாசலும் கட்டிக் கொடுத்தார்கள். நேற்று வரை எதைத் தடுக்க வேண்டும் என்று யோசித்தார்களோ, அதையே இன்று ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள். வல்லரசுகள் முஸ்லிம்கள் மீது காட்டும் திடீர் அன்பை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதற்கு இது ஒரு பழைய பாடம். பாடம் பழையதானாலும் தேவை இன்னும் தீரவில்லை.

பதக்கம் மறுக்கப்பட்ட ஒரு சிப்பாய்

இந்தக் கதை முழுவதையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் காணலாம். அவர் பெயர் மஹ்ஜூப் பின் ஆதம் முஹம்மத். ஜெர்மனியில் பயூமே முஹம்மத் ஹுசைன் என்று அறியப்பட்டார்.

1904-இல் தாருஸ்ஸலாம் நகரில் பிறந்தார். தந்தை ஜெர்மன் படையில் பணியாற்றிய சூடானிய அஸ்கரி. முதலாம் உலகப் போர் தொடங்கியபோது இவருக்கு வயது பத்து. அந்த வயதிலேயே தந்தையோடு படையில் சேர்க்கப்பட்டார். 1917 அக்டோபரில் மஹிவா சண்டையில் காயம்பட்டு ஆங்கிலேயரிடம் கைதியானார். பின்னர் கப்பல்களில் வேலை செய்து 1929-இல் பெர்லின் வந்து சேர்ந்தார்.

வந்ததும் முதலில் கேட்டது தனக்கும் தந்தைக்கும் வர வேண்டிய போர்க்காலச் சம்பள பாக்கியை. காலம் கடந்துவிட்டது என்று வெளியுறவுத் துறை மறுத்தது. உணவு விடுதியில் பரிமாறுபவராகவும் பல்கலைக்கழகத்தில் சுவாஹிலி மொழி கற்பிப்பவராகவும் வேலை பார்த்தார். ஜெர்மன் பெண்ணை மணந்தார்.

1934-இல், முன்னாள் போர்வீரர்களுக்கு ஹிட்லர் அரசு அறிவித்த கௌரவப் பதக்கத்துக்கு அவரும் விண்ணப்பித்தார். நிராகரிக்கப்பட்டது. கறுப்பினத்தவருக்கு அதை வழங்குவதற்கில்லை என்பதுதான் காரணம். ஆனாலும் அவர் அஸ்கரிச் சீருடையும் மார்பில் பதக்கமுமாகக் காலனி ஆதரவாளர்களின் கூட்டங்களில் கலந்துகொண்டார். பெரும்பாலும் ஏதோ ஒரு இராணுவப் பொருள் கடையில் காசு கொடுத்து அதை வாங்கியிருக்க வேண்டும்.

அதாவது, போரில் காயம்பட்டவருக்கு அரசு தர மறுத்த பதக்கம் கடையில் விலைக்குக் கிடைத்தது. பதக்கச் சந்தை என்பதன் முரண் அன்றே இப்படி இருந்திருக்கிறது.

1941-இல் வெளியான "கார்ல் பீட்டர்ஸ்" என்ற நாஜிப் பிரச்சாரத் திரைப்படத்தில் அவர் நடித்தார். கிழக்கு ஆப்பிரிக்காவை ஜெர்மனிக்காகப் பிடித்தவரும், அங்கே செய்த கொடுமைகளால் பேர் போனவருமான பீட்டர்ஸைக் கதாநாயகனாக்கிய படம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் கெஸ்டாப்போ அவரைக் கைது செய்தது. வெள்ளைப் பெண்ணோடு உறவு வைத்து "இனத்தைக் களங்கப்படுத்தினார்" என்பது குற்றச்சாட்டு. விசாரணை எதுவும் இல்லை. சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமில் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அடைபட்டிருந்து, 1944 நவம்பர் 24 அன்று இறந்தார்.

ஜெர்மனிக்கு விசுவாசமாக இருந்தால் ஜெர்மானியராக ஏற்றுக்கொள்ளப்படுவோம் என்று அவர் நம்பியிருக்கக்கூடும். அந்த நம்பிக்கைக்கு அந்த நாடு தந்த பதில் இது.

பேட்ஜ்கள் வளர்த்த ஏக்கம்

1919 வெர்சாய் ஒப்பந்தத்தோடு ஜெர்மனியின் காலனிகள் அனைத்தும் பறிபோயின. ஆனால் காலனிக் கனவு போகவில்லை. 1920களில் முன்னாள் காலனிப் படைவீரர்கள் சங்கம் அமைத்துக் கூடினார்கள். யானை உருவம் பொறித்த காலனியச் சின்னமும் பல்வேறு சங்க பேட்ஜ்களும் புழக்கத்துக்கு வந்தன. இன்று சேகரிப்பாளர்கள் தேடுபவற்றில் கணிசமானவை இந்தக் காலத்தவை. போர்க்களத்தில் கிடைத்தவை அல்ல, ஏக்கத்தில் செய்யப்பட்டவை.

இந்த ஏக்கம் தீங்கற்றதாக இருக்கவில்லை. 1936-இல் காலனி ஆதரவுச் சங்கங்கள் அனைத்தும் நாஜிகளின் "பேரரசுக் காலனிக் கழகம்" என்ற ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவரப்பட்டன. அதற்குத் தலைவராக இருந்தவர் ஃபிரான்ஸ் ஃபான் எப். சீனப் படையெடுப்பிலும் ஹெரேரோ போரிலும் பங்கெடுத்தவர். ஒமாஹெக்கேயிலிருந்து ஹிட்லரின் ஆட்சி வரை நேர்கோடு போட முடியாது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் எச்சரிக்கிறார்கள். அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் சில மனிதர்கள் இரண்டிலும் இருந்தார்கள் என்பதை மறுக்க முடியாது.

சேகரிப்பாளர்களைக் குற்றவாளியாக்கலாமா?

அப்படியானால் இந்தப் பதக்கங்களை வைத்திருப்பவர்கள் எல்லாம் காலனியத்தைப் போற்றுபவர்களா? அப்படிச் சொல்வது அநியாயம். தாத்தாவின் பெட்டியில் கிடைத்ததை வைத்திருப்பவர் உண்டு. வரலாற்று ஆர்வத்தில் தேடுபவர் உண்டு. முதலீடாகப் பார்ப்பவர் உண்டு. பழைய பேரரசுக் கொடியோடு ஊர்வலம் போகும் தீவிர வலதுசாரிகளும் உண்டு. ஜெர்மன் சட்டம் நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதைத் தடை செய்கிறது. பேரரசுக் காலப் பதக்கங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது. எனவே அவற்றை வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம் இல்லை.

சேகரிப்பாளர்களால் விளைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். போலிகள் மலிந்த சந்தை இது. சாதாரணப் பதக்கத்தில் அரிதான பட்டைகளைச் செருகி விற்பது பழைய தந்திரம். அதனால் அனுபவமுள்ள சேகரிப்பாளர், பதக்கத்தோடு வழங்கப்பட்ட சான்றிதழைத்தான் முதலில் கேட்பார். பெயர், படைப்பிரிவு, பட்டைகளுக்கான தகுதி எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கும். அப்படிப் பாதுகாக்கப்பட்ட காகிதங்கள், யார் எந்த நாளில் எந்த இடத்தில் இருந்தார் என்பதற்கான ஆதாரங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் இராணுவ ஆவணங்கள் பெருமளவு அழிந்துபோன நிலையில், தனியார் கையில் உள்ள இந்தக் காகிதங்களின் மதிப்பு கூடுகிறது. "எல்லாவற்றையும் உருக்கிவிட வேண்டும்" என்று சொல்வோர், குற்றத்தின் தடயத்தையும் சேர்த்தே உருக்கிவிடுவார்கள்.

சிக்கல் பொருளில் இல்லை. அதைப் பற்றிச் சொல்லும் மொழியில் இருக்கிறது. இனப்படுகொலையைக் "கிளர்ச்சி ஒடுக்கம்" என்றும், நிலத்துக்காகப் போராடியவர்களைக் "கலகக்காரர்கள்" என்றும், பஞ்சத்தை உண்டாக்கிய படையை "வீரமிக்க பாதுகாப்புப் படை" என்றும் இன்னும் எழுதுவதில்தான் இருக்கிறது.

தெருப்பெயர் மாறுகிறது, விலைப்பட்டியல் மாறவில்லை

ஜெர்மனியில் மாற்றம் வரவில்லை என்று சொல்ல முடியாது. மியூனிக் நகரில் டிரோத்தாவின் பெயரில் இருந்த தெரு 2006-இல் ஹெரேரோ தெரு ஆனது. பெர்லினில் 2022-இல் ஒரு தெருவுக்கு கொர்னேலியஸ் ஃபிரெடெரிக்ஸின் பெயர் சூட்டப்பட்டது. அங்கே பீட்டர்ஸ் சாலை என்றிருந்ததன் ஒரு பகுதி 2024 முதல் மாஜி மாஜி சாலை. எந்தப் பீட்டர்ஸைப் போற்றும் படத்தில் பயூமே முஹம்மத் ஹுசைன் நடிக்க நேர்ந்ததோ, அதே பீட்டர்ஸ். ஆய்வுக்கென்று கொண்டுபோன மண்டையோடுகளில் ஒரு பகுதி 2011, 2014, 2018 ஆண்டுகளில் நமீபியாவிடம் திருப்பித் தரப்பட்டது.

2021 மே மாதம் ஜெர்மன் அரசு, நமீபியாவில் நடந்ததை இன்றைய பார்வையில் இனப்படுகொலை என்று ஏற்றுக்கொண்டது. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ நிதி தருவதாகவும் அறிவித்தது. ஆனால் "இழப்பீடு" என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்தது. பேச்சுவார்த்தையில் தங்களை உரிய முறையில் சேர்க்கவில்லை என்று ஹெரேரோ, நாமா பாரம்பரியத் தலைவர்கள் பலர் இதை ஏற்க மறுத்தார்கள். 2025 மே 28 அன்று நமீபியா முதன்முறையாக இனப்படுகொலை நினைவு நாளைத் தேசிய அளவில் கடைப்பிடித்தது. வதைமுகாம்களை மூடுவதாக 1907-இல் அறிவிக்கப்பட்ட நாள் அது.

அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. தெருப் பலகைகள் மாறுகின்றன. ஆனால் சந்தையின் விலைப்பட்டியல் மட்டும் 1907-இன் மொழியிலேயே பேசிக்கொண்டிருக்கிறது.

என்ன செய்யலாம்?

செய்யக் கூடியவை எளியவைதான்.

ஒன்று, ஏல நிறுவனங்களும் விற்பனையாளர்களும் விவரக் குறிப்பில் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். பட்டையின் அளவை மில்லிமீட்டரில் குறிப்பிடுவோருக்கு "இனப்படுகொலை" என்ற ஒரு சொல்லைச் சேர்ப்பது பெரிய வேலை அல்ல.

இரண்டு, சான்றிதழ், கடிதம், நாட்குறிப்பு, புகைப்படம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து விற்கும் வழக்கம் நிற்க வேண்டும். பிரித்த மறுகணமே அவை சாட்சியம் என்ற தகுதியை இழந்து வெறும் பொருளாகிவிடுகின்றன. சேகரிப்பாளர்கள் குறைந்தபட்சம் அவற்றின் பிரதிகளையாவது ஆவணக் காப்பகங்களுக்கும், நமீபிய, தான்சானிய ஆய்வாளர்களுக்கும் கிடைக்கச் செய்யலாம்.

மூன்று, பதக்கமும் கொள்ளைப் பொருளும் ஒன்றல்ல. படைவீரர் ஊருக்குத் திரும்பும்போது பதக்கத்தோடு சேர்த்து அணிகலன், ஆயுதம், மண்டையோடு வரை கொண்டு வந்தார்கள். பதக்கம் ஜெர்மனியில் செய்யப்பட்டது, அது அங்கேயே இருக்கட்டும். அபகரித்த பொருள் உரியவர்களிடம் போக வேண்டும்.

நான்கு, அருங்காட்சியகங்கள் பதக்கத்தைக் காட்சிக்கு வைக்கும்போது, அதை அணிந்தவரின் கதையோடு, அந்தப் பட்டையில் பெயருள்ள ஊரின் கதையையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

நம் வீட்டுப் பெட்டிகளில்

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேர் கொண்ட படையை அனுப்பினார்கள். சென்னை மாகாணப் படையைச் சேர்ந்த 63-ஆம் பாளையங்கோட்டை காலாட்படையும் அதில் இருந்தது. போதிய பயிற்சியும் ஓய்வும் இல்லாமல் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட அந்தப் படை, எண்ணிக்கையில் மிகக் குறைவான அஸ்கரிகளிடம் படுதோல்வி அடைந்தது. ஒரு பேரரசுக்காகப் போன இந்தியச் சிப்பாயும், இன்னொரு பேரரசுக்காக நின்ற ஆப்பிரிக்கச் சிப்பாயும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் இடையே எந்தப் பகையும் இருந்ததில்லை.

அந்தப் போரின் ஆங்கிலேயப் பதக்கங்கள் தமிழ்நாட்டிலும் சில வீடுகளில் இருக்கக்கூடும். இருந்தால், பழைய உலோகக் கடையில் போட்டுவிடாதீர்கள். பெருமைக்காகச் சுவரில் மாட்டி வைப்பதோடும் நின்றுவிடாதீர்கள். அது எந்தப் போரில், யாருடைய நிலத்தில், யாருக்காகக் கிடைத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

1964-இல், உயிரோடிருந்த அஸ்கரிகளுக்கு ஒரு தொகை வழங்க மேற்கு ஜெர்மனி முடிவு செய்தது. சான்றிதழ் வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே வந்த முதியவர்கள் ஒவ்வொருவர் கையிலும் துடைப்பத்தைக் கொடுத்து, ஜெர்மன் மொழியில் இராணுவக் கட்டளை சொல்லிச் சோதித்தார்கள் என்றும், ஒருவர்கூடத் தவறவில்லை என்றும் ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. பலர் இதைச் சுவையான கதையாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. அரை நூற்றாண்டு காத்திருந்த கிழவர்கள் தாங்கள் பட்ட பாட்டை நிரூபிக்கத் துடைப்பத்தைத் தோளில் சாத்தி நிற்க வேண்டியிருந்தது என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

பெர்லினில் புருன்னன் தெருவில் பயூமே முஹம்மத் ஹுசைன் வாழ்ந்த வீட்டின் முன், நடைபாதையில் 2007-இல் ஒரு சிறு பித்தளைத் தகடு பதிக்கப்பட்டது. நாஜிகளால் கொல்லப்பட்டோரின் நினைவாக ஐரோப்பாவெங்கும் பதிக்கப்படும் நினைவுக் கற்களில் ஒன்று அது. பத்து சென்டிமீட்டர் சதுரம். பெயர், பிறந்த ஆண்டு, கைதானது, இறந்தது. அவ்வளவுதான். அவர் கேட்ட பதக்கம் அதுவல்ல. ஆனால் அந்தத் தகட்டில் எழுதியிருப்பது உண்மை. அதை யாரும் ஏலம் விட முடியாது.